சிவப்பு ஒயர் இருந்த இடம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குப் பிரஸ் மெஷின்களில் தகடு அடித்துக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் செபாஸ்டியனும் லோகநாதனும் எலெக்ட்ரீஷியன்கள். ஒரே ஷிஃப்ட், ஒரே அறை, அடுத்தடுத்த லாக்கர். ஆனால் முகம் பார்த்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேசியே தீர வேண்டிய வேலை வந்தால் சுவரிடம் சொல்வார்கள். "மூணாம் நம்பர் பிரஸ்ல ஃபியூஸ் பூட்ச்சாம்" என்று லோகநாதன் ஃபேனைப் பார்த்துச் சொல்வான். செபாஸ்டியன் பதில் பேசாமல் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

சண்டை ஆரம்பித்தது ஒரு சேஃப்டி மீட்டிங்கில். மெயினை அணைக்காமல், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே லோகநாதன் மின்சாரப் பேனலுக்குள் கையை விட்டு ஒரு காண்டாக்டர் சுவிட்சை மாற்றியிருந்தான். அதைப் பார்த்த செபாஸ்டியன் மறுநாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லோகநாதனுக்கு மெமோ வந்தது. அடுத்த மாதம் வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி வரவில்லை. வெளியிலிருந்தும் யாரும் வரவில்லை, அந்த நாற்காலி அப்படியே காலியாகக் கிடந்தது.

"லைன நிறுத்தாம வேலைய முடின்னு சொன்னது யாரு? மேனேஜரு. அந்தாளு அங்கதான குந்திகினு இருந்தாரு? அவர இன்னா கேட்டான் இந்தப் பாதிரி?" என்று லோகநாதன் கேன்டீனில் கேட்பான். அவனுக்கு அன்றிலிருந்து செபாஸ்டியன் பாதிரிதான். செபாஸ்டியன் சாப்பிட உட்கார்ந்தால், "ஜெபம் பண்ணிட்டுத் துன்னுங்கப்பா, பிரசங்கம் இருக்குது" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி சொல்வான். நான்கு பேர் சிரிப்பார்கள். செபாஸ்டியன் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். உள்ளே கொதிக்கும். இன்னொரு தடவை மாட்டட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் அவன் வேலை நேரத்தில் பாதி, லோகநாதன் எங்கே தப்பு செய்கிறான் என்று பார்ப்பதிலேயே போயிற்று.

லோகநாதனும் சும்மா இல்லை. செபாஸ்டியன் வேலை முடித்த பேனலை அவன் போன பிறகு திறந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கிப் பார்ப்பான். எங்காவது ஒன்று தளர்வாகக் கிடைத்தால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா.

அந்த அறையில் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்க நல்ல மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. ஒயரைத் தப்பான ஓட்டையில் செருகினால் கீச்சென்று கத்தும். உள்ளே தடித்த ஃபியூஸ் இருக்கும். அது ஏணியிலிருந்து விழுந்து உடைந்த பிறகு, மெயின்டனன்ஸ் மேனேஜர் பூபாலன் ஆன்லைனில் பார்த்து வேறொன்றை வாங்கிப் போட்டார். மஞ்சள் நிறம், பெரிய எழுத்து, முகப்பில் அறுநூறு வோல்ட் என்று அச்சு. ஒருநாள் பேட்டரி மாற்றும்போது செபாஸ்டியன் உள்ளே பார்த்தான். ரேடியோவில் போடுகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ்.

"சார், இத வெச்சு பேனல்ல டெஸ்ட் பண்றது சரியில்ல" என்று அவன் பூபாலனிடம் சொன்னான்.

"பாத்து யூஸ் பண்ணுங்க. பாத்து யூஸ் பண்ணா எதுவும் ஆகாது" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மீட்டர் ஒன்றுதான் என்பதால் இருவரும் அதையே எடுத்தார்கள். அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆம்பியர் பார்த்தவன் வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் ஆணியில் மாட்ட வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே செபாஸ்டியன்தான். சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியவனும் அவன்தான். லோகநாதன் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம், "வந்துட்டாருய்யா ஆபீசரு" என்பான்.

*

அன்று செவ்வாய்க்கிழமை காலை. ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸில் ஆயில் வால்வு ஒன்று திறக்கவில்லை. செபாஸ்டியன் மீட்டரை எடுத்துக்கொண்டு போனான். வால்வு காயிலுக்கு வருவது வெறும் இருபத்து நாலு வோல்ட். எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க, சிவப்பு ஒயரைப் பிடுங்கி இடது ஓரத்தில் இருக்கும் பத்து ஆம்பியர் ஓட்டையில் செருகி, காயிலோடு வரிசையில் சேர்த்துப் பார்த்தான். காயில் நன்றாகத்தான் இருந்தது. வால்வில்தான் பிசிறு மாட்டியிருந்தது. ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினான். உள்ளே லோகநாதன் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறானோ என்று செபாஸ்டியனுக்குத் தோன்றியது. அந்த முகத்தோடு ஒரு நிமிஷம்கூட அறையில் நிற்கப் பிடிக்காமல், மீட்டரை ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

டீயை முடிப்பதற்குள் ஃபோர்மேன் ஓடி வந்தார். பெரிய பிரஸ் நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. மதியத்துக்குள் லோடு போகவேண்டும்.

மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்று அர்த்தம். பேனலைத் திறந்து எந்த ஃபேஸ் இல்லை என்று அளக்க வேண்டும். அதை மட்டும் கரண்ட் இருக்கும்போதுதான் செய்ய முடியும். நானூற்றுப் பதினைந்து வோல்ட். இப்படி அளக்கும்போது இரண்டு பேர் இருந்தே ஆகவேண்டும் என்பது கம்பெனி விதி. ஒருவன் அளப்பான், ஒருவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். அப்படித்தான் பேசாத இரண்டு பேரும் ஒரே பேனல் முன்னால் நின்றார்கள்.

லோகநாதன் முந்திக்கொண்டு மீட்டரை எடுத்து வந்திருந்தான். ரப்பர் கையுறை தோளில் தொங்கியது, கையில் போடவில்லை. முகத்துக்குப் போடுகிற கண்ணாடித் தடுப்பு ட்ராலியிலேயே கிடந்தது.

"கிளவுஸு" என்றான் செபாஸ்டியன், பேனலைப் பார்த்து.

"என் கை. எனக்குத் தெரியும்" என்றான் லோகநாதன், அதே பேனலைப் பார்த்து.

பின்னால் பிரஸ் ஆபரேட்டர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். பூபாலன் சற்றுத் தள்ளி நின்று போனில் யாருக்கோ, "பத்தே நிமிஷம் சார், பத்தே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லோகநாதன் மீட்டரின் சக்கரத்தைத் திருப்பி ஏ.சி. வோல்ட்டில் வைத்தான். மீட்டரை பேனல் கதவின் விளிம்பில் சாய்த்து நிறுத்தினான். ஒயர் முனைகளில் இருக்கும் ஊசி மாதிரியான புரோப்களைக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் செபாஸ்டியன் பார்த்தான். சக்கரம் வோல்ட்டில் இருந்தது. ஆனால் சிவப்பு ஒயர் இடது ஓரத்து ஓட்டையில் இருந்தது. ஆம்பியர் ஓட்டை.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். அதை அவனால் பிறகு எத்தனை முறை யோசித்தும் மறுக்க முடியவில்லை. மாட்டினான், என்று மனசுக்குள் ஒரு குதி. எல்லார் முன்னாலும் மாட்டினான், மேனேஜரும் நிற்கிறார். சக்கரத்தை எங்கே திருப்பினாலும் சரி, ஒயர் அந்த ஓட்டையில் இருந்தால் மீட்டர் வெறும் கம்பித் துண்டு. இரண்டு ஃபேஸுக்கு நடுவில் கம்பியை வைப்பதும் அந்தப் புரோபை வைப்பதும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கண்ணாடி ஃபியூஸ் அதைத் தாங்காது. மீட்டர் கையிலேயே வெடிக்கும். செம்பு ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

பிறகுதான் நினைவு வந்தது. ஒயரை அங்கே வைத்தது லோகநாதன் இல்லை.

"லோகு, கைய எடு!" என்று கத்தினான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். லோகநாதன் திரும்பக்கூட இல்லை.

"வாய மூடிகினு நில்லு. பிரசங்கம் அப்பால."

"டேய், மீட்டரப் பாருடா!"

"நீ உன் வேலையப் பாரு."

கறுப்புப் புரோப் முதல் ஃபேஸில் பதிந்துவிட்டது. சிவப்பு இரண்டாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செபாஸ்டியன் பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் முழு எடையையும் போட்டுப் பின்பக்கமாக இழுத்தான். லோகநாதன் கால் வழுக்கி, ட்ராலியில் மோதி, இடது கை அடியில் மாட்டிக்கொள்ளத் தரையில் விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் செபாஸ்டியனுக்குக் கேட்டது. மீட்டர் ஒயரோடு பறந்துபோய் பிரஸ்ஸின் இரும்புக் காலில் அடித்து இரண்டாகப் பிளந்தது. ஒயர்கள் தனியாகப் போய் விழுந்தன.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேசாத இரண்டு பேர் ஏதோ வாக்குவாதம் செய்தார்கள், அதில் ஒருவன் மற்றவனைப் பின்னாலிருந்து காலரைப் பிடித்துத் தூக்கி அடித்தான்.

"பின்னால நின்னு அடிக்கிறான் பார்றா பொறம்போக்கு!" என்று தரையிலிருந்து லோகநாதன் அலறினான். ஆபரேட்டர்கள் இரண்டு பேர் செபாஸ்டியனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். "மீட்டர்ல ஒயரு மாறியிருந்துச்சுய்யா" என்று அவன் சொல்லச் சொல்ல, யாரும் கேட்கவில்லை. அங்கே காட்டுவதற்கு மீட்டரும் இல்லை. பிளந்த மஞ்சள் பிளாஸ்டிக்கும் எந்த ஓட்டையிலும் இல்லாத இரண்டு ஒயர்களும் கிடந்தன.

*

மாலைக்குள் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் லோகநாதனின் மாவுக்கட்டுப் போட்ட கை வந்துவிட்டது. கீழே ஒருவன், "பாதிரியோட ஆசீர்வாதம்" என்று போட்டிருந்தான். அதற்கு வரிசையாகச் சிரிப்பு முகங்கள். செபாஸ்டியனை அன்றே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை விசாரணை.

கம்பெனி கேட்டுக்கு வெளியே பூபாலன் அவனைத் தன் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"செபாஸ்டியன், நான் சொல்றத கேளு. உங்க ரெண்டு பேருக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். கோவத்துல கை வெச்சுட்டேன்னு சொல்லு, மன்னிப்புக் கேளு. ஒரு வார்னிங்கோட முடிச்சுடறேன்."

"நான் கோவத்துல கை வெக்கல சார். ஒயரு ஆம்ப்ஸ் ஓட்டைல இருந்துச்சு."

"அத யாரு பாத்தா? நீ ஒருத்தன். மீட்டரப் பத்திப் பேச ஆரம்பிச்சேன்னா, என்ன மீட்டர், யாரு வாங்குனது, அதுக்கு முன்னால யாரு யூஸ் பண்ணதுன்னு எல்லாம் வரும்." பூபாலன் அவன் முகத்தையே பார்த்தார். "யாரு யூஸ் பண்ணது?"

செபாஸ்டியனின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

"ம்" என்றார் பூபாலன். "யோசிச்சு வா."

கதவைத் திறந்து இறங்கும்போது செபாஸ்டியன் இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். சண்டை என்று சொன்னால், பின்னாலிருந்து அடித்த கோழை. மீட்டர் என்று சொன்னால், ஒரு வருஷமாக எல்லாருக்கும் பாதுகாப்புப் பாடம் நடத்திவிட்டு ஒருத்தனைக் கொல்லப் பார்த்தவன்.

திருமுல்லைவாயிலில் அவன் குடியிருந்தது ஒரு குறுகலான தெருவில் மாடி வீடு. அன்று சாயந்திரம் ஆறு மணிவாக்கில் லோகநாதனின் மனைவி எல்லம்மா கொரட்டூரிலிருந்து ஆட்டோ பிடித்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து தெருவில் நின்றாள்.

"எங்கடா அந்த செபாஸ்டி? எறங்கி வாடா! என் ஊட்டுக்காரன் கைய ஒட்ச்சிட்டு மேல குந்திகினு கீறியா? முன்னால வந்து மோத துப்பில்ல, பின்னால வந்து தள்ளுறான்! நீயெல்லாம் கோயிலுக்குப் போய் முட்டி போட்டா சாமி ஏத்துக்குமா?"

எதிர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செபாஸ்டியன் கட்டிலில் உட்கார்ந்தபடி அசையவில்லை. அவன் மனைவி அருள்செல்விதான் மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

"இன்னாம்மா சத்தம்? உம் புருஷன் உசுரோட கீறான்ல? எம் புருஷன் இழுக்கலன்னா இந்நேரம் நீ இங்க வந்து கத்திகினு இருக்க மாட்ட, ஆஸ்பத்திரில அழுதுகினு இருப்ப."

"ஓகோ! காப்பாத்துனாராமா? யாரு கிட்ட சொல்ற கதைய? ஸ்டேஷன்ல கேஸ் குடுக்குறேன், அங்க வந்து சொல்லு."

"குடு. போய்க் குடு. யார வேண்ணா இட்டுகினு வா."

ஆட்டோ போன பிறகும் தெரு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தது. அருள்செல்வி மேலே வந்து மூச்சு வாங்கினாள். முகம் சிவந்திருந்தது.

"நீ ஏன்யா வாயே தொறக்கல? தப்பு பண்ணவன் மாதிரி குந்திகினு கீற?"

"நான்தான் செல்வி அந்த ஒயர அங்க வெச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான்: காலையில் வால்வு பார்த்தது, அறைக்கு வந்தது, லோகநாதன் சிரித்தது, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மீட்டரை அப்படியே மாட்டிவிட்டுப் போனது. அருள்செல்வி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப குழியும் நீயே வெட்டிட்டு, கையும் நீயே குடுத்தியா?"

"வேணும்னு வெட்டல."

"அது எனக்குத் தெரியும்யா. அவனுக்கு?" என்றாள். "நாளன்னிக்கு அங்க போய் இன்னா சொல்லப் போற?"

"தெரியல."

"கீழ அந்தப் பொம்பளகிட்ட நான் உனக்காகக் கத்திட்டு வந்துருக்கேன். நீ வந்ததும் சொன்னது பாதி நெசம்தான்னு தெரிஞ்சிருந்தா கத்தியிருக்க மாட்டேன்." அவள் எழுந்து உள்ளே போனாள். அன்று இரவும் மறுநாளும் அவள் அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. இதுவரை கம்பெனியில் மட்டும் இருந்த மௌனம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது.

*

விசாரணையை நடத்தியது எச்.ஆர். மேடம் அனுசுயா. நீண்ட மேஜையின் ஒரு பக்கம் அவரும் பூபாலனும். எதிர்ப்பக்கம் இரண்டு கோடியில் செபாஸ்டியனும் லோகநாதனும். லோகநாதன் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தான்.

"முதல்ல நீங்க சொல்லுங்க" என்றார் அனுசுயா.

"சொல்றதுக்கு இன்னா மேடம் கீது? ஒரு வருஷமா என்ன ஒழிக்கணும்னு பாத்துகினு இருந்தான். அன்னிக்கு சான்ஸு கெட்ச்சிது. நான் ரெண்டு கையிலயும் புரோப வெச்சிகினு லைவ் பேனல் முன்னால நிக்கிறேன். அந்நேரத்துல ஒர்த்தன் பின்னால புடிச்சு இழுப்பானா? கை பேனல்ல பட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? இது அடிதடி இல்ல மேடம், கொல."

"நீங்க?" என்று அனுசுயா செபாஸ்டியன் பக்கம் திரும்பினார்.

பூபாலன் பேனாவை உருட்டியபடி அவனைப் பார்த்தார். செபாஸ்டியன் படிக்கட்டு ஏறும்வரை, கோவத்துல கை வெச்சுட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். ஆனால் மறுகோடியில் உட்கார்ந்திருந்த லோகநாதனின் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. கோழை என்று அவன் சொல்லிவிட்டான், அதை இவன் வாயாலேயே ஒப்புக்கொள்ளப் போகிறான் என்கிற சிரிப்பு. அதைச் செபாஸ்டியனால் தாங்க முடியவில்லை.

"மீட்டர்ல சிவப்பு ஒயரு ஆம்ப்ஸ் ஓட்டைல இருந்துச்சு மேடம். அப்படியே வெச்சிருந்தா ரெண்டு ஃபேஸும் ஷார்ட் ஆயி அவர் கையிலயே வெடிச்சிருக்கும். ரெண்டு தடவ கத்துனேன். கேக்கல. இழுத்தேன்."

"ஒயரை அங்க வெச்சது யாரு?" என்றார் அனுசுயா.

"நான்தான்."

பேனா உருள்வது நின்றது.

"காலைல வால்வு காயில்ல ஆம்பியர் பாத்தேன். திருப்பி மாத்தாம மாட்டிட்டுப் போயிட்டேன். தப்பு என்னுது."

லோகநாதன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டான். "கேட்டீங்களா மேடம்? அவன் வாயாலயே சொல்ட்டான்! அவந்தான் வெச்சானாம்! ஊருக்கே நோட்டீஸ் ஒட்டுனவன் மறந்துட்டானாம்! டேய், மறந்தியா, இல்ல வெச்சியா?"

"மறந்தேன்."

"பொய்!"

"வெச்சிருந்தா எதுக்குடா இழுப்பேன்?"

"பயம். கடைசி நேரத்துல பயந்துட்ட!"

"உக்காருங்க" என்றார் அனுசுயா. குரலை உயர்த்தவில்லை. லோகநாதன் உட்கார்ந்தான், ஆனால் மூச்சு இரைத்தது. அனுசுயா காகிதத்தில் எதுவும் எழுதாமல் அவனைப் பார்த்தார். "நான் எலெக்ட்ரிக்கல் படிச்சவ இல்ல. அதனால நேரா கேக்குறேன். பேனல்ல வைக்கறதுக்கு முன்னால, ஒயர் எந்த ஓட்டைல இருக்குன்னு நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று லோகநாதன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். செபாஸ்டியன் பொய்யன் ஆகிவிடுவான், வேலை போய்விடும், எல்லம்மா சொன்ன போலீஸ் கேஸும் நிற்கும். மறுத்துப் பேச மீட்டரே இல்லை. செபாஸ்டியன் லோகநாதனின் வாயையே பார்த்தான். இத்தனை நாளும் தான் இவனுக்குக் காட்டாத தயவை இவன் ஏன் தனக்குக் காட்டப்போகிறான்?

லோகநாதன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான்.

"பாக்கல" என்றான்.

"ஏன்?"

"சக்கரத்ததான் பாத்தேன். ஓட்டையப் பாக்கல. அவசரம்." பிறகு, பூபாலன் பக்கம் தலையை ஆட்டி, "பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு ஒர்த்தரு பின்னால ஏலம் வுட்டுகினு இருந்தாரு" என்றான்.

"செபாஸ்டியன் சொன்ன மாதிரி ஒயர் அங்க இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்." அந்த வார்த்தையைத் துப்புகிற மாதிரி சொன்னான். உடனே செபாஸ்டியன் பக்கம் திரும்பினான். அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தான். "உனுக்காக சொல்லலடா. என் வேலைல நான் பொய் சொல்ல மாட்டேன். அவ்ளோதான். நீ எனுக்கு எப்பவும் எதிரிதான்."

"எனக்கும் அப்படித்தான்" என்றான் செபாஸ்டியன். தன் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

அனுசுயா அடுத்துக் கேட்டது பூபாலனை. "இந்த மீட்டரை யார் வாங்கினது?"

பூபாலன் விலைப்பட்டியல், ஒப்புதல், ஆன்லைன் ரிவ்யூ என்று நீட்டி ஏதோ சொன்னார். அனுசுயா இடையில் வெட்டவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "உடைஞ்ச மீட்டரை எங்கிட்ட கொண்டு வாங்க" என்றார். அது குப்பையில் போய்விட்டது என்று பூபாலன் சொன்னார். அதைக் கேட்டு லோகநாதனும் செபாஸ்டியனும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே வெறுப்பு இருந்தது.

*

ஒயரை மாற்றாமல் மாட்டியதற்குச் செபாஸ்டியனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். மீட்டரைப் பார்க்காமலும் கையுறை போடாமலும் அளந்ததற்கு லோகநாதனுக்கு இன்னொரு மெமோ. கை குணமாகிற வரைக்கும் லீவு. பூபாலனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அறைக்கு இரண்டு புது மீட்டர்கள் வந்தன. தப்பான ஓட்டையில் ஒயர் போனால் கத்துகிற வகை. எல்லம்மா கேஸ் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று லோகநாதன்தான் தடுத்தான் என்று செபாஸ்டியன் பிறகு கேள்விப்பட்டான். ஏன் என்று கேட்க அவனுக்கு ஆள் இல்லை.

அருள்செல்வி விசாரணையில் நடந்ததை எல்லாம் கேட்டாள். "சொல்லிட்டல்ல?" என்றாள். "சொல்லிட்டேன்" என்றான். "அப்ப துன்னு" என்று தட்டை முன்னால் வைத்தாள்.

கட்டுப் பிரித்து லோகநாதன் வேலைக்குத் திரும்பிய அன்று முதலில் போனது பூபாலனிடம். "அவன்கூட என்னப் போடாதீங்க. வேற ஷிஃப்ட் குடுங்க" என்றான். வேறு ஷிஃப்ட்டிலிருந்து மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை என்றார் அவர். லைவ் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இந்த ஷிஃப்ட்டில் இருக்கிறதே இரண்டு பேர்.

அந்த வாரமே நாலாம் நம்பர் பிரஸ்ஸின் பேனலைத் திறக்க வேண்டி வந்தது. செபாஸ்டியன் புது மீட்டரை எடுத்தான். கையுறை போட்டான், தடுப்பை முகத்தில் இறக்கினான். புரோபைத் தூக்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காட்டு."

"இன்னா?"

"மீட்டரக் காட்டுடா. உன்ன நம்பி நான் பக்கத்துல நிக்கணுமா?"

செபாஸ்டியன் மீட்டரைத் திருப்பிக் காட்டினான். லோகநாதன் குனிந்து, கறுப்பு எங்கே, சிவப்பு எங்கே, சக்கரம் எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒயரின் உறையை விரலால் தடவி எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று தேடினான். எதுவும் கிடைக்காத ஏமாற்றம் அவன் முகத்தில் தெரிந்தது.

"கிளவுஸ்ல ஓட்ட கீதான்னு ஊதிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"என் முன்னால பாரு."

செபாஸ்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு கையுறையைக் கழற்றி, அதன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, அழுத்திக் காட்டினான். காற்று வெளியே போகவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டான்.

"போதுமா ஆபீசர்?"

"போதாது. ஆனா வேற வழியில்ல. வெய்யி."

அளந்து முடித்ததும் செபாஸ்டியன் புரோபை வெளியே எடுத்து, மீட்டரை அணைத்து, ஒயர்களைச் சுருட்டினான். மூன்று ஃபேஸும் சரியாக இருந்தன. கோளாறு மோட்டார் பக்கம். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்தான். லோகநாதன் கையை நீட்டினான்.

"மீட்டரக் குடு. கரண்டு செத்துச்சான்னு நான் பாக்கறேன்."

"நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்தா நான் நம்ப மாட்டேன். குடு."

செபாஸ்டியன் கொடுக்கவில்லை. லாக்கரிலிருந்து இரண்டாவது மீட்டரை எடுத்து வரச் சொன்னான். லோகநாதன் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தான்.

"மொதல்ல காட்டு" என்றான் செபாஸ்டியன்.

லோகநாதன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு மீட்டரைத் திருப்பி, சிவப்பு ஒயர் இருந்த இடத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான்.